முக்குவர் சட்டத்தை இடைக்கால ஆய்வாகச் செய்யலாமா? ஆதாரம் இல்லை என்கிறார்கள்

கல்லாற்றுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வரலாற்றில் சிறப்புப் பட்டம் முடித்து இப்போது படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், அதோடு முதுதத்துவமாணிக்கும் பதிந்திருக்கிறேன். நான் கொடுத்த தலைப்பு, 13 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை மட்டக்களப்புத் தேசத்தில் தாய்வழிச் சொத்துரிமை எப்படி இருந்தது என்பது. இந்தக் கரையில் உள்ள முக்குவர் என்ற சாதியின் பெயரால் முக்குவர் சட்டம் என்று பொதுவாகச் சொல்வார்களே, அதுதான். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான், ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. இது எங்கிருந்து வந்தது, எப்போது சட்டமாக இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று பார்க்க ஆசை.

முன்மொழிவை வைத்தபோது மேற்பார்வையாளர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: 13ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆவணம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதன்பிறகு பேசுவோம். குழுவில் இருந்த இன்னொருவர், இடைக்காலம் என்பதே ஐரோப்பியர் தங்கள் வசதிக்குப் பிரித்த காலம், நமக்கு அது எதற்கு என்றார். இரண்டு பேரும் இரண்டு திசையில் இழுக்கிறார்கள், முடிவு மட்டும் ஒன்று: தலைப்பை மாற்று.

என் கையில் இருப்பவை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் வெளியிட்ட முக்குவர் சட்ட நூல், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று ஏடுகள், அமெரிக்க மானிடவியலாளர் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் செய்த களஆய்வு, இன்னும் சில கட்டுரைகள். 1876 இல் எழுதியதை வைத்துக்கொண்டு 1300க்குப் போகலாமா? ஒல்லாந்தர் காலப் பதிவுகளை வாசிக்க அவர்களின் மொழி படிக்கத்தான் வேண்டுமா? பாடசாலை வேலையோடு இது நடக்குமா, அல்லது சுகமான தலைப்பு ஒன்றை எடுத்து முடித்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வெளிச்சவீடு:

தங்கச்சி, மேற்பார்வையாளர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், மற்றப் பாதியில் அவரோடு சண்டை பிடிக்கலாம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். ஆளுநர் சிமொன்ஸ் கேட்டதற்காக, யாழ்ப்பாணத்தில் 37 வருடம் இருந்த கிளாஸ் இசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707 இல் எழுதிக் கொடுத்தது அது. தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கினார்கள், பிறகு ஆங்கிலேயர் 1806 இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதில் உள்ள வழக்கங்கள் பழையவையாக இருக்கலாம், ஆனால் எந்த வழக்கத்தை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்தது ஓர் அதிகாரியும் காணி பூமி உள்ள 12 பெரிய மனிதர்களும். அதை அப்படியே தூக்கி, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி காலத்துச் சட்டம் என்று எழுதினால் எந்தப் பரீட்சகரும் விடமாட்டார்.

மட்டக்களப்புக்கு அப்படி ஒரு தொகுப்புக்கூட வரவில்லை. ஒல்லாந்தர் 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தாலும், கரையோரம் முழுக்க ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு என்று கண்டி அரசன் எழுதிக் கொடுத்தது 1766 ஒப்பந்தத்தில்தான். அதுவரை கண்டி, வன்னிமைகள் என்ற உள்ளூர்ச் சிற்றரசர்கள், போடிமார் என்ற பெரிய காணிக்காரர், கம்பனி என்று அதிகாரம் பல கையில் கிடந்தது. பிரிட்டோவுக்கு முன்னே எழுதியவர் என்றால் சைமன் காசிச்செட்டி, அவரும் 19ஆம் நூற்றாண்டுதான்.

இப்போது பிரிட்டோ. அவர் சட்டத்தரணி, சட்டத்தரணிகள் படிப்பதற்காக எழுதினார். முதுசச் சொத்து, அதாவது பரம்பரையாக வந்தது, பெண்வழியில் இறங்கும், ஆண் இறந்தால் அது அவன் பிள்ளைகளுக்கு அல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்கு என்றெல்லாம் விதி விதியாகக் கட்டிக் கொடுக்கிறார். அதே 1876 இல்தான் 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வருகிறது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர்களையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரையும் வெளியே விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் ஒரே விதி. மட்டக்களப்பு வழக்கத்துக்கு அந்த விலக்கில் இடம் இல்லை. நீதிமன்றக் கதவு மூடப்படுகிற அதே வருடத்தில் அந்தச் சட்டத்துக்கு ஒரு நூல் வருகிறது, இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி உங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? யாழ்ப்பாணத்து வழக்கம் சட்டமாகப் பிழைத்தது, மட்டக்களப்பு வழக்கம் பிழைக்கவில்லை, ஏன்?

மற்றப் பாதிக்கு வருகிறேன். இடைக்காலத்தில் சட்ட ஆதாரமே இல்லை என்பது சரியில்லை, மரபுரிமை பற்றி இல்லை என்பதுதான் சரி. தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்துத் தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கள். விஜயபாகு என்ற அரசனின் பத்தாம் ஆட்சியாண்டில் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி, அந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற ஓம்படைக்கிளவி, அதாவது தர்மத்தைக் காக்கச் சொல்லும் சாபம். எந்த விஜயபாகு என்பதில் ஒரு சண்டை, அதை விடுங்கள். நிலம் கைமாறுவதும் அந்த மாற்றத்தைக் காப்பாற்றத் தண்டனை சொல்வதும் சட்டம் இல்லாமல் வேறென்ன? தண்டிப்பது அரசனின் ஆள் இல்லை, பாவம். அவ்வளவு தூரத்தில் அரசனின் கை எவ்வளவு நீளம் என்பதை அந்த ஒரு வரியே காட்டுகிறது. 10ஆம் நூற்றாண்டு வேவல்கட்டியக் கல்வெட்டில் கொலைக்கும் களவுக்கும் கிராமத்தவர் எப்படி விசாரிப்பது என்று அரசன் கட்டளை இருக்கிறது, பொலநறுவை வேளைக்காரர் கல்வெட்டில் ஒரு படைக்குழு தன் பொறுப்பைத் தானே தமிழில் எழுதி வைக்கிறது. இவற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கிழக்குக் கரை எந்த அளவுக்கு வேறு என்று புரியும்.

1876 இலிருந்து பின்னுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஒவ்வொரு அடிக்கும் கணக்குச் சொன்னால். மார்க் பிளாக் என்ற பிரெஞ்சு இடைக்கால வரலாற்றாசிரியர் பிற்கால வயல் வரைபடங்களிலிருந்து தொடங்கித்தான் இடைக்காலக் கிராமத்துக்குப் பின்னோக்கி நடந்தார். தெரிந்த இடத்தில் தொடங்கு, தெரியாத இடத்துக்குப் போ, எங்கே தடம் முடிகிறதோ அங்கே நில். உங்கள் முன்மொழிவில் அந்த நிற்கிற இடம் எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன்.

மாகோன்1215:

இதெல்லாம் எதுக்கு? மான்மியத்தில் எல்லாம் தெளிவாக இருக்கு. 1215 இல கலிங்கத்தில இருந்து படையோட வந்த மாகோன் தேசத்தைப் பிரிச்சு, தாய்வழியில வாற குடிகளை வகுத்து, கோயில் கடமைகளைக் கொடுத்து, சட்டம் வச்சுட்டுப் போனான். நம்மட ஏட்டை நம்பாமல் ஒல்லாந்தன்ட கடதாசியை நம்பச் சொல்லுறது என்ன நியாயம்?

வெளிச்சவீடு:

தம்பி, ஏட்டை நம்பாதே என்று நான் சொல்லவில்லை, எந்தக் காலத்துக்கு அது சாட்சி என்று கேட்கிறேன். மான்மியம் பல ஏடுகளைச் சேர்த்த தொகுப்பு, பல கைகள் எழுதியது, சில பகுதிகள் மிகவும் பிந்தியவை. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை என்று அவ்வளவு விலாவாரியாக எழுத வேண்டிய தேவை ஒருவருக்கு எப்போது வருகிறது? அந்த உரிமையை யாரோ மறுக்கும்போதுதான். ஆகவே அந்த ஏடுகள் 13ஆம் நூற்றாண்டுக்கு எவ்வளவு சாட்சியோ தெரியாது, அவை எழுதப்பட்ட நாளில் நடந்த தகராறுகளுக்கு முதல்தரச் சாட்சி. சட்ட வரலாற்றுக்காரனுக்கு அதுவும் தங்கம்தான்.

உங்கள் பெயரில் உள்ள 1215 இல்தான் இங்கிலாந்தில் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனமும் வந்தது. அந்த வருடத்து மூலப்பிரதி நான்கு இன்றும் கையில் இருக்கிறது, அப்படி இருந்தும் அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் என்ன பொருள் என்று இன்னும் அடிபடுகிறார்கள். நமக்கு மாகோன் காலத்து மூலப்பிரதி ஒன்றுகூட இல்லை, நாம் மட்டும் எல்லாம் தெளிவு என்கிறோம்.

கறுப்புக்கோட்டு:

நான் கல்முனைப் பக்கம் வழக்குப் பேசுபவன், ஆராய்ச்சி ஆள் இல்லை. ஆனால் மேலே சொன்ன நூல்களில் இல்லாத ஒன்று எங்கள் அலுமாரிகளில் இருக்கிறது: உறுதி, அதாவது காணிப் பத்திரம்.

பழைய சீதன உறுதி, நன்கொடை உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணி தருபவருக்கு அது எப்படி வந்தது என்று நொத்தாரிசு ஒரு பந்தி எழுதுவார். தாய்வழி முதுசமாக வந்தது, புருஷனும் பெஞ்சாதியும் தேடிய தேட்டம், ஆட்சியில் இருந்து வந்தது என்று அதில் எல்லாம் வரும். சட்டப்படி 1876க்குப் பிறகு இங்கே ஆணும் பெண்ணும் சமபங்கு, முக்குவர் சட்டம் என்று சொல்லி ஒரு நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. ஆனால் நடைமுறையில் சனம் என்ன செய்தது? மரபுரிமை என்ற கட்டத்துக்கே வரவிடாமல், உயிரோடு இருக்கும்போதே மகளின் பெயரில் வீட்டை எழுதிவிட்டது. சட்டம் ஒரு வழியை மூட, வழக்கம் நொத்தாரிசு மேசை வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. தேவை என்றால் இதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

இன்னொன்று, அம்பாறைப் பக்கம் வந்தால் பேமிட் காணியை, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைப் பாருங்கள். 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், பின்னுரித்தாளியைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குப் பிறகு உரிமை போகும் வரிசையில் மகனுக்கு முதலிடம், மகள் அதற்குப் பிறகு. 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். கல்லோயாத் திட்டம் வந்து குடியேற்றக் காணி கொடுத்த காலம் முழுக்க, பெண்வழியில் சொத்து இறங்கிய ஒரு பிரதேசத்தில் ஆண்வழி அட்டவணையை வைத்துக்கொண்டு அரசாங்கம் காணி பிரித்தது. வீட்டு வளவு மகளுக்கு, வயல் மகனுக்கு என்று ஒரே குடும்பத்தில் இரண்டு சட்டம் ஓடுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

தேடும்போது ஒரு விஷயம். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல், ஆகவே அக்கரைப்பற்றுக் காணியோ திருக்கோவில் காணியோ, பழைய பதிவு என்றால் மட்டக்களப்பு ஆவணங்களையும் பார்க்காமல் விடாதீர்கள். அப்புறம், உறுதி கேட்டு வீடு வீடாகப் போகும்போது நீங்கள் ரீச்சர் என்று சொல்லிக்கொண்டு போங்கள், ஆராய்ச்சி என்று சொன்னால் காணிக்கு யாரோ வழக்கு வைக்கப்போகிறார்கள் என்றுதான் சனம் நினைக்கும். பாகப்பிரிவினை வழக்கு ஓடும் குடும்பத்தின் உறுதியைத் தொடவே வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன்.

டென்ஹாக்_மழை:

அக்கா, நான் ஒல்லாந்தில் இருந்து எழுதுகிறேன், கம்பனிக் காலத்து நீதிமன்றப் பதிவுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வு. ஊர் ஏறாவூர்ப் பக்கம்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். ஒல்லாந்த மொழி படிக்கத்தான் வேண்டும், ஆனால் பேசத் தேவையில்லை, வாசித்து விளங்கினால் போதும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு இலக்கணம் அவ்வளவு பாரமில்லை. பாரம் கையெழுத்தில்தான். 17, 18ஆம் நூற்றாண்டு எழுத்தர் கையெழுத்தைப் பார்த்தால் முதலில் அழுகை வரும், பிறகு பழகும். அதற்கும் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது: குளோபலைஸ் என்ற திட்டம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆசியாவிலிருந்து போன கடிதங்கள், அறிக்கைகளில் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கணினியால் எழுத்துப்பெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. டென்ஹாக் தேசிய ஆவணக்காப்பகத்தின் படங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மட்டக்களப்பு என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கணினிக்கு நம்முடைய பெயர்கள் தெரியாது, போடி, வன்னியன் எல்லாம் விதம்விதமாக உடைந்து கிடக்கும். எப்படி உடைகிறது என்று ஒரு பட்டியல் நீங்களே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டென்ஹாக்கில் இருப்பது மேலிடத்துக்குப் போன கடதாசி: நெல், வருமானம், யானை, கண்டியோடு பிரச்சினை. ஒரு பெண் தன் சகோதரன் மீது வயலுக்கு வழக்கு வைத்தது போன்ற உள்ளூர் விஷயம் இருந்தால் அது கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஒல்லாந்தர் பதிவுகளில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு உதயதேவி ரயிலில் கொழும்புக்கு ஏறத்தான் வேண்டும். துறையின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மறக்காதீர்கள். பாடசாலை விடுமுறைகளில் போய் வரலாம், ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் முடியாது.

கிடைத்தவற்றில் மட்டக்களப்புக்கு நேரடியானது, ஜேக்கப் பர்னண்ட் 1794 இல் தனக்குப் பின்னால் வருபவருக்காக எழுதிய நினைவறிக்கை. அவர் இங்கே கம்பனியின் தலைமை அதிகாரியாக இருந்தவர். விவசாயத்தில்தான் அவருக்கு அக்கறை, ஆனால் வயல் யார் கையில், வேலை யார் தலையில் என்பதெல்லாம் ஊடே வரும்.

அக்கரைப்பற்றான்:

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் முழு உரையாடலிலும் ஒரு சாதியின் பெயரைத்தான் கேட்கிறேன். தங்கச்சி, முக்குவர் சட்டம் என்று பிரிட்டோ பெயர் வைத்தார் என்பதற்காக நீங்களும் அந்தப் பெயருக்குள் அடைபட வேண்டுமா? எங்கள் ஊரில் முஸ்லிம்களுக்கும் குடி இருக்கிறது, தாய்வழியில்தான் வரும், பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று இருந்தது. வீடு எங்களிலும் மகளுக்குத்தான். மார்க்கச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பாதி, ஆனால் ஊர் வழக்கத்தில் வளவும் வீடும் முழுக்க மகளுக்கு, ஒருவரும் இதை முரண்பாடாக நினைப்பதில்லை, கலியாணத்தோடு கொடுத்துவிட்டால் அது மரபுரிமை இல்லை, நன்கொடை என்று போய்விடும். வேளாளரிலும் இதே குடி முறைதான். அக்கரைப்பற்றில் 1969 இலேயே களஆய்வு தொடங்கிய மக்கில்வ்ரே தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்துத்தான் பார்த்தார்.

மேலே சட்டத்தரணி சொன்ன நன்கொடை உறுதியும் எங்கள் வழக்கமும் ஒரே தந்திரம் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு வேறு சட்டங்களின் கீழ் இருக்கும் இரண்டு சமூகம், ஒரே இடுக்கு வழியாக ஒரே பழைய வழக்கத்தைக் கொண்டுபோயிருக்கிறது. இடைக்காலத்துக்குப் போக உங்களுக்கு வலுவான வாதம் இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மதமும் எழுதிய சட்டமும் வேறாக இருந்தும் வழக்கம் ஒன்று என்றால், அந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டு நீதிமன்றம் உண்டாக்கியது அல்ல. எவ்வளவு பழையது என்று சொல்ல முடியாது, ஆனால் பிரிட்டோவின் கற்பனை இல்லை.

கோயில்களையும் விடாதீர்கள். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் வண்ணக்கர்மாரிடம், அதாவது கோயில் நிருவாகிகளிடம், பேசுங்கள். எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்ற தகராறு காணித் தகராறைவிட நன்றாக ஞாபகத்தில் இருக்கும்.

கல்லாற்றுக்காரி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றினால் என்ன என்று யோசிக்கிறேன்: தலைப்பில் 13ஆம் நூற்றாண்டை எடுத்துவிட்டு, 1766 முதல் 1876 வரை மட்டக்களப்பில் தாய்வழிச் சொத்து வழக்கம் சட்டமாக்கப்பட்டதும் கைவிடப்பட்டதும் என்று. மேற்பார்வையாளர் இதற்கு ஒத்துக்கொள்வார். ஆனால் இடைக்காலம் முழுக்கப் போய்விடுகிறதே என்று மனம் ஆறவில்லை. முதல் அத்தியாயத்தில் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் வைத்தால் ஒட்டாமல் நிற்குமா? அக்கரைப்பற்றுக்கார அண்ணன் சொன்னதைக் கேட்டபிறகு பெயரையும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் முக்குவர் சட்டம் என்று போடாவிட்டால் தேடுபவர்களுக்குக் கிடைக்காதே.

வெளிச்சவீடு:

உப தலைப்பில் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இடைக்காலத்தை முதல் அத்தியாயத்தில் வைக்காதீர்கள், பின்னணி என்று பெயர் வைத்தாலே பரீட்சகர் புரட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசிக்கு முன் அத்தியாயமாக வையுங்கள். உறுதியில் தொடங்கி, பிரிட்டோ, பர்னண்ட், கம்பனிப் பதிவு என்று பின்னுக்கு நடந்து, கோயில் ஏடுகளைத் தொட்டு, கல்வெட்டில் போய் நில்லுங்கள். நிலம் கோயிலுக்குப் போவது கல்லில் தெரிகிறது, பெண்வழியில் இறங்குவது கல்லில் தெரியவில்லை என்று அந்த இடத்தில் எழுதுங்கள். அதற்குள் நூறு வருடத்துக்கு உறுதியான ஆதாரம் காட்டியிருப்பீர்கள், அதற்கு முந்தியதைத் தயக்கத்தோடு சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும். குழுவில் காலப்பகுப்பு பற்றிக் கேட்டவருக்கும் பதில் அதுதான், பின்னோக்கி நடந்தால் இடைக்காலம் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டியதில்லை.

சுகமான தலைப்பு எடுக்கலாமா என்றும் கேட்டீர்கள். எடுக்கலாம், பட்டம் கெதியாய் வரும், சம்பளப் படிக்கு அது போதும். ஆனால் இந்தக் கரையில் இந்த உறுதிகளை வாசிக்கத் தெரிந்தவர்களே குறைவு, அதோடு ஒல்லாந்தக் கையெழுத்தும் தெரிந்தவர் என்றால் விரல் விட்டு எண்ணலாம். சூறாவளி, யுத்தம், சுனாமி என்று போனது போக மிஞ்சிய கடதாசியும் கறையான் கையில்.

டென்ஹாக்_மழை:

அக்கா, மொழி வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் குளோபலைஸில் மட்டக்களப்புப் பக்கம் ஒன்றை எடுத்து, கணினி எழுத்துப்பெயர்ப்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு கிழமை பாருங்கள். ஒரு பந்தியாவது பிடிபட்டால் உங்களுக்கு இது சரிவரும். பிடிபடாத சொற்களை இங்கேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சொல்கிறேன். முதல் பக்கமாகக் கணக்குப் புத்தகம் எடுக்காதீர்கள், சுருக்கெழுத்தும் இலக்கமுமாகவே இருக்கும், ஒரு கடிதமாக எடுங்கள்.